கழற்றுதலும் பூட்டுதலும்

ஆயிரம் வேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பது பழமொழி. வேரைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்துத்தான் மருந்தின் குணத்தை அறிய முடியும் என்பது அதன் உட்பொருள். பழைய மோட்டார் வண்டியின் எஞ்சினைத் தன் வீட்டிலேயே பிரித்துப் புதுப்பிக்க முற்படுகிறவனுக்கும் இப்பழமொழி பொருந்தும். ஆயிரம் மரையை அழித்தவனே அரை மெக்கானிக் ஆகிறான். அந்த அரைப் பதவியை எய்துவதற்குள் அவன் படும் பாடு எத்தகையது, அப்பாட்டினால் விளையும் பயன் யாது என்பனவே இப்பேச்சின் பொருளாகும்.

சப்பிரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் மலைச்சரிவுகளைத் தேயிலையும் றப்பரும் பங்கிட்டுக் கொண்டிருக்கின்றன. பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, எட்டியாந்தோட்டை முதலிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டப் பாதைகளில் 1950களிலும் 1960களிலும் ஓடிய வண்டிகளை முதியோர் இன்றும் ஒலியைக் கொண்டே இனங்காண்பர். பங்களாவிலிருந்து துரை இறங்கி வரும் வண்டி வேறு. பிற்காலத்தில் பெரிய கிளாக்கரும் டீமேக்கரும் டிஸ்பென்சரும் பழைய வண்டியாக வாங்கி ஓட்டிய ஒஸ்டினும் மொரிஸ் மைனரும் வேறு. வளைவுக்கு அப்பால் வரும்போதே இன்னார் வண்டி இதுவென்று லயத்துப் பிள்ளைகள் சொல்லிவிடுவர். அவ்வண்டிகளுட் சில இன்றும் தோட்டங்களில் இருக்கின்றன. சில ஓடுகின்றன, சில தகரக் கொட்டகையின் மூலையில், கோழிகள் அடைகாக்கும் இடமாக உறங்குகின்றன.

மொரிஸ் மைனர் வண்டியை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர். 1948ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் அது முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது. 1952இல் ஒஸ்டின், மொரிஸ் ஆகிய இரு நிறுவனக் குழுக்களும் ஒன்றாக இணைந்தன. அதன் பின்னர், ஒஸ்டின் வண்டிக்கென அமைக்கப்பட்ட ‘ஏ’ வரிசை எஞ்சின் மொரிஸ் மைனருக்கும் பொருத்தப்பட்டது. முதலில் 803 கன சென்றிமீற்றர், 1956இல் 948, 1962இல் 1098 என அதன் கொள்ளளவு படிப்படியாகப் பெருகிற்று. 1971இல் மொரிஸ் மைனரின் உற்பத்தி முடிவுற்றபோது, பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் உலகெங்கும் சென்றிருந்தன. அதே எஞ்சின் மினி வண்டியில் 2000ஆம் ஆண்டு வரை உழைத்தது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு நிலைத்து நின்ற ஓர் அமைப்பை எளிய அமைப்பு என்று சொல்வதில் தவறில்லை. ஆனால் எளியது என்பதற்கும் எளிதானது என்பதற்கும் இடையே உள்ள தூரத்தை, அதனைப் பிரித்தவனே அறிவான்.

இக்காலத்தில் இம்முயற்சி ஏன் என்று சிலர் வினவலாம். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டிலேயே மீண்டும் வழி திறந்தது. இடையில் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி பெற்றோலுக்கும் மக்களை வரிசையில் நிறுத்தியது. புதிய வண்டி கைக்கெட்டாத கனியாகிவிட்ட நாளில், கொட்டகையில் கிடந்த பழைய வண்டியின் மீது பலர் பார்வை திரும்பியதில் வியப்பில்லை. ஆனால் இம்முயற்சியில் இறங்குவோர் எல்லோரும் பணத்தை மட்டும் எண்ணி இறங்குவதில்லை.

விளக்கத்தின் பொருட்டு ஒருவரை மனக்கண் முன் நிறுத்திக் கொள்ளலாம். இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டமொன்றின் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், முப்பது ஆண்டுகள் பொறிவேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். பிட்டர் ஐயா என்றே தோட்டத்தார் அவரை அழைப்பர். உருளை இயந்திரத்தின் பெல்ட் அறுந்தாலும், காற்றாடியின் தண்டு சூடேறினாலும், நள்ளிரவில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அவருடைய தகப்பனாரும் அதே ஸ்டோரில் வேலை செய்தவர். துரைமாரின் வண்டிகளுக்குப் பழுது பார்த்தவர். பழுது தீர்ந்த வண்டியைச் சோதிக்க மேட்டுப் பாதையில் ஒருமுறை ஓட்டிச் செல்வார். அவ்வளவே அவருக்கு அவ்வண்டியோடு இருந்த உரிமை. அவ்வண்டிகளுள் ஒன்றாகிய 948 எஞ்சின் பூட்டிய மொரிஸ் மைனர், பல கைகள் மாறி, கடைசியில் ஓடாத நிலையில் மகனாகிய பிட்டர் ஐயாவிடம் வந்து சேர்ந்தது என்று கொள்வோம். தகப்பன் கைபட்ட எஞ்சினை மகன் பிரிக்கத் தொடங்குகிறார். உதவிக்குப் பேரன், சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளை.

கழற்றுதல் இன்பமான வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கினால் மாலைக்குள் எஞ்சின் வெளியே வந்துவிடும். முற்றத்துப் பலாமரத்தின் பருத்த கிளையில் சங்கிலிக் கப்பியைக் கட்டித் தூக்கும்போது அக்கம்பக்கத்தார் கூடி நின்று பார்ப்பர். ஒவ்வொரு பகுதியும் கழன்று வரும்போது ஒரு வெற்றி கிடைத்தது போலிருக்கும். அந்த வெற்றி மயக்கந்தான் பிற்காலத் துன்பத்துக்கு வித்து.

முதல் துன்பம் துருவினால் வருகிறது. தென்மேற்குப் பருவமழை நேரே வந்து மோதும் மலைச்சரிவு இரத்தினபுரியின் சரிவு. நாட்டில் மிகுந்த மழை பெறும் பகுதிகளுள் அதுவும் ஒன்று. அந்த ஈரத்தில் அறுபது ஆண்டுகள் நின்ற வண்டியில் இரும்பும் இரும்பும் ஒன்றாகவே வளர்ந்துவிடும். சிலிண்டர் ஹெட்டின் முன்புறத்தில், நீர் வெளியேறும் வாயின் மேல் அலுமினியத்தாலான சிறிய மூடி ஒன்று உண்டு. மூன்று இரும்புக் கம்பங்களில் அது செருகப்பட்டிருக்கும். அலுமினியமும் இரும்பும் நீரோடு சேர்ந்து அரித்து, அந்த மூடியைக் கல்லாக இறுக்கிவிடும். மண்ணெண்ணெய் ஊற்றி ஒருநாள், சூடுகாட்டி ஒருநாள், மரச்சுத்தியலால் தட்டி ஒருநாள் என மூன்று நாட்கள் அச்சிறு மூடிக்கே பலியாகும். அவசரப்பட்டவன் கம்பத்தை முறித்துவிடுவான். முறிந்த கம்பத்தைத் துளையிட்டு எடுக்க இன்னும் ஒரு வாரம் ஆகும்.

இரண்டாம் துன்பம் ஸ்பேனரினால் வருவது. இந்த எஞ்சின் அங்குல அளவில் செய்யப்பட்டது. இலங்கையோ 1970களில் மெட்ரிக் அளவைக்கு மாறிவிட்டது. 1977க்குப் பின் ஜப்பானிய வண்டிகள் பெருகின. இன்று கடையில் கிடைக்கும் ஸ்பேனர்கள் பெரும்பாலும் மில்லிமீற்றர் அளவின. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர். அதற்கு 13 மில்லிமீற்றர் ஸ்பேனரைப் போட்டால் பொருந்துவது போலவே தோன்றும். ஆனால் அந்த 0.3 மில்லிமீற்றர் இடைவெளி போதும். துருப்பிடித்த நட்டில் பலங்கொண்டு திருப்பும்போது ஆறு மூலைகளும் உருண்டு நட் உருளையாகிவிடும். ஏறத்தாழச் சரி என்பது பல வேளைகளில் முழுத் தவற்றினும் தீங்கானது என்பதற்கு இதனினும் நல்ல பாடம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கிடையாது. பிட்டர் ஐயா தம் தகப்பனாரின் மரப்பெட்டியைத் திறந்து, எண்ணெய்த் துணியில் சுற்றிய அங்குல ஸ்பேனர்களை வெளியே எடுக்கிறார். கைப்பிடி தேய்ந்து வழவழத்திருக்கிறது. வேலை அன்று மாலை சற்றே முன்னேறுகிறது.

மூன்றாவது, நினைவைப் பற்றியது. பிரித்த பகுதிகளைப் பால்மாத் தகரங்களிலும் சிரட்டைகளிலும் போட்டு வைக்கும்போது எல்லாம் மனத்தில் தெளிவாக இருக்கும். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், ஒரே அளவான இரண்டு போல்ட்டுகள் எங்கிருந்து வந்தன என்பதே தெரியாது. அதற்கும் மேலாக, எஞ்சினில் ஒன்றுபோல் தோன்றும் பல பகுதிகள் ஒன்றல்ல. கிராங்க் தண்டைத் தாங்கும் மூன்று மூடிகளும் அவ்வவற்றின் இருக்கையிலேயே துளையிடப்பட்டவை. இடம் மாற்றினால் தண்டு சுழலாது. வால்வுகளை இயக்கும் எட்டுத் தள்ளுகோல்களும் அவையவை தேய்ந்து பழகிய இடத்துக்கே திரும்ப வேண்டும். இதனை அறிந்த பிட்டர் ஐயா ஓர் அட்டைப்பெட்டியில் எட்டுத் துளையிட்டு, இலக்கமிட்டு, கோல்களை வரிசையாகக் குத்தி வைத்தார். ஒருநாள் சாரல் அடித்தபோது அட்டை நனைந்து சாய்ந்தது. கோல்கள் தரையில் சிதறின. பேரன் ஓடிவந்து பொறுக்கினான். ஆனால் வரிசை போய்விட்டது. ஒவ்வொன்றின் நுனியையும் வெளிச்சத்தில் பிடித்துத் தேய்வைப் பார்த்துப் பார்த்து இடம் தேர்வதில் ஒருநாள் கழிந்தது.

அடுத்தது அளவு. சிலிண்டரின் உட்சுவர் மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் தேயும். கிராங்க் தண்டின் கழுத்து வட்டமாயிருந்தது நீள்வட்டமாகும். இத்தேய்வுகள் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்குகள். ஒரு தலைமயிரின் பருமனே அத்தகைய மூன்று பங்குகள் என்று கொள்ளலாம். கண்ணுக்குத் தெரியாத இக்குறையைத் திருத்த வீட்டு முற்றம் போதாது. சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கவும் தண்டைச் சாணை பிடித்துச் சிறிதாக்கவும் தகுந்த இயந்திரம் வேண்டும். அதற்குரிய பெரிய பிஸ்டன்களும், அதற்கேற்ற தாங்கிகளும் வேண்டும். தண்டைச் சாணை பிடிப்பது 10, 20, 30, 40 என்னும் ஆயிரத்திலொரு பங்குக் கணக்கில். இரத்தினபுரியிலிருந்து கொழும்பு சுமார் 100 கிலோமீற்றர். எஞ்சின் உடலைச் சாக்கில் கட்டி, லொறியில் இடம் கேட்டு, கொண்டு சேர்த்துத் திரும்பினால், இரண்டு வாரத்தில் வாருங்கள் என்பர்; இரண்டு வாரம் இரண்டு மாதமாகும். அது யார் குற்றமும் அன்று. ஒழுங்கான வேலைக்கு வரிசை நீளம்.

கொழும்பில் பஞ்சிகாவத்தை என்னும் இடம் பழைய மோட்டார்ச் சாமான்களுக்குப் பெயர் பெற்றது. அங்கே கிடைக்காத பொருளில்லை என்பர். ஆனால் கிடைப்பதெல்லாம் தேடிய பொருளன்று. 803, 948, 1098 ஆகிய மூன்று எஞ்சின்களும் வெளித்தோற்றத்தில் உடன்பிறந்தோர் போன்றவை. உள்ளேயோ, 948இன் சிலிண்டர் விட்டம் 62.9 மில்லிமீற்றர், 1098இன் விட்டம் 64.58. பிஸ்டன் ஓடும் தூரம் முன்னதில் 76.2 மில்லிமீற்றர், பின்னதில் 83.72. மைனர் பிஸ்டன்தானே என்று நம்பி வாங்கிக் கொண்டு மலையேறியவர், வீட்டில் வைத்துப் பார்த்தபோதே பிழையை உணர்வார். பேருந்தில் மறுபடி இறங்க வேண்டும். பிரித்தானியாவிலிருந்து தருவிப்பதென்றால் விலையும் அஞ்சற் கட்டணமும் தீர்வையும் சேர்ந்து ஓய்வூதியத்தை உண்டுவிடும்.

இவ்விடத்தில் ஒரு செய்தி நினைவுகூரத்தக்கது. பிரித்தானியாவின் பாத் நகரில் மொரிஸ் மைனர் வண்டிகளைப் புதுக்கி வந்த சார்ல்ஸ் வெயர் என்பவர், வண்டியை எறிந்துவிட்டுப் புதிது வாங்குவதினும் நெடுங்காலம் பேணிக் காப்பதே சிக்கனமானது என்று வாதிட்டவர். 1990களில் அவர் இலங்கைத் தொழில் முயற்சியாளர் ஒருவருடன் கூடி, மொரிஸ் மைனருக்குரிய உதிரிப் பாகங்களை இலங்கையிலேயே செய்விக்க முற்பட்டார். இந்நாட்டில் இவ்வண்டிகள் பலவும் உழைத்துக் கொண்டிருந்தமையும், கைத்திறன் மிக்க தொழிலாளர் இருந்தமையும் அம்முயற்சிக்குத் துணையாயின. பிறர் எறிந்ததைப் பேணும் திறமையை இலங்கையர் வறுமையினாற் கற்றனர். வளமுள்ள நாட்டவர் அதனையே ஒரு கொள்கையாகக் கண்டனர்.

பொருள் கிடைப்பதினும் அரிது, கேட்டறிய ஆள் கிடைப்பது. ஒருகாலத்தில் ஒவ்வொரு பெரிய தோட்டத்திலும் எஞ்சினின் நாடியறிந்த ஒருவர் இருந்தார். ஆங்கில எழுத்தறியாதவராயினும், வெள்ளுலோகத்தை உருக்கித் தாங்கியில் வார்த்து, சுரண்டிப் பொருத்தக் கற்றிருந்தார். அச்சங்கிலி அறுந்தது. 1964ஆம் ஆண்டில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியா செல்ல வேண்டியவராகவும், 3,00,000 பேர் இலங்கைக் குடியுரிமை பெற வேண்டியவராகவும் கணக்கிடப்பட்டனர். தலைமன்னாரில் கப்பலேறியவர்களுள் கொழுந்து பறித்தவரும் இருந்தனர். பால் வெட்டியவரும் இருந்தனர். ஸ்டோரில் இயந்திரம் பார்த்தவரும் வண்டியோட்டியவரும் இருந்தனர். 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் மேலும் பலரை இம்மாகாணத்தை விட்டுப் பெயரச் செய்தன. எண்ணிக்கையைக் கணக்கேடு காட்டும். அவர்கள் விரல் நுனியில் கொண்டுபோன அறிவை எந்தக் கணக்கேடும் காட்டாது. பிட்டர் ஐயா ஒரு சந்தேகத்தைக் கேட்க விரும்பினால், கேட்க வேண்டியவர் தமிழ்நாட்டில் எங்கோ ஓர் ஊரில் முதுமையெய்தியிருப்பார், அல்லது மறைந்திருப்பார்.

கைந்நூல்கள் இல்லையா எனின், உண்டு. ஜோன் ஹெயின்ஸ் என்பவர் 1966ஆம் ஆண்டில் வெளியிட்ட முதற் கைந்நூல் ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட் என்னும் சிறு வண்டியைப் பற்றியது. அவ்வண்டியிலும் இதே ‘ஏ’ வரிசை எஞ்சின்தான். அவ்வகை நூல்கள் படத்தோடு நன்றாகவே விளக்குகின்றன. ஆனால் கழற்றுவதற்குப் பல பக்கம் ஒதுக்கும் நூல்கள், பூட்டும் வேலை வரும்போது முன்சொன்னதைத் தலைகீழாகச் செய்யுமாறு சுருங்கச் சொல்லி நகர்ந்துவிடும். மரத்தில் ஏறியவன் ஏறிய வழியே இறங்கலாம் என்பது போன்றது அது. ஏறியபோது முறித்த கிளைகளைப் பற்றி அங்கே பேச்சில்லை.

பூட்டுதல் முற்றிலும் வேறான வேலை. குடைந்து வந்த சிலிண்டர் வெள்ளி போல் மின்னும். எண்ணெய் தடவாது ஓரிரவு விட்டால் காலையில் செம்மஞ்சள் பூத்திருக்கும். பிஸ்டன் வளையம் வார்ப்பிரும்பாலானது. சிறிது மிகையாக விரித்தால் கண்ணாடி போல் உடையும். அதனை ஒடுக்கிச் சிலிண்டரில் இறக்க ஒரு கருவி உண்டு. அது கிடைக்காதபோது தகரத்தை வெட்டி வளைத்துச் செய்துகொள்வர். ஹெட்டின் நட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, சிறிது சிறிதாக, 40 இறாத்தல் அடி முறுக்குக்கு இறுக்க வேண்டும். ஒருபுறம் முதலில் இறுக்கினால் கேஸ்கட் நெரியும்.

வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் வேலையில் மட்டும் பேரனுக்கு ஓர் இன்பம் கிடைத்தது. எட்டு வால்வுகள், ஒன்று முதல் எட்டு வரை இலக்கம். எட்டாம் வால்வு முழுதும் அழுந்தித் திறந்திருக்கும்போது முதலாம் வால்வைச் சரிசெய்ய வேண்டும். ஏழு திறந்திருக்கும்போது இரண்டு, ஆறுக்கு மூன்று, ஐந்துக்கு நான்கு. இடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு.

“தாத்தா, எதைக் கூட்டினாலும் ஒன்பதுதானே வருகிறது?” என்றான் பேரன்.

“ஓம் தம்பி. அதை மறக்காமல் இருந்தால் எந்தப் புத்தகமும் வேண்டாம்” என்றார் அவர்.

எஞ்சின் மீண்டும் வண்டியில் ஏறியது. அயலார் மறுபடியும் கூடினர். எஞ்சினை இயக்கினால், அது சுழன்றது, பற்றவில்லை. பின்பு காபுரேற்றர் வழியே ஒரு வெடியோசை எழுந்தது. கூடியிருந்தோர் பின்வாங்கினர். பெற்றோல் வருகிறதா, பிளக்கில் தீப்பொறி உண்டா, பற்றரியின் முனைகள் சரியா என்று மூன்று மாலைகள் ஆராய்ச்சி நடந்தது. பழைய மைனரில் பற்றரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணையும். இன்றைய வழக்கம் அதற்கு மாறானது. அதுவும் சரியாகவே இருந்தது. ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வண்டியை விற்றுவிடலாமே என்று வீட்டார் சொன்னார்கள். பிட்டர் ஐயா மறுமொழி சொல்லவில்லை.

நான்காம் நாள் விடியற்காலையில், பெரட்டு மணி அடிப்பதற்கு முன்பே எழுந்து, வால்வு மூடியைக் கழற்றிவிட்டுக் கைப்பிடியால் எஞ்சினை மெல்லச் சுழற்றிப் பார்த்தார். பிழை விளங்கிற்று. நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்க் தண்டு இருமுறை சுழன்றால்தான் ஒரு முழுச் செயல் முடியும். ஆகையால் முதலாம் பிஸ்டன் உச்சிக்கு இருமுறை வரும்; ஒருமுறை வாயுவை அழுத்திக்கொண்டு, மறுமுறை புகையை வெளியேற்றிக்கொண்டு. தீப்பொறி வரவேண்டியது முன்னதில். அவர் குறியைப் பார்த்தார். அது எந்த உச்சி என்று பார்க்கவில்லை. தீப்பொறி ஒரு முழுச் சுற்றுத் தவறி விழுந்து கொண்டிருந்தது. முப்பது ஆண்டுகள் ஸ்டோர் இயந்திரத்தில் செய்து பழகிய வேலையிலேயே பிழை நேர்ந்தது. அறியாதவன் பிழைவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்வான். அறிந்தவன் விட்ட பிழையை அவனே ஐயுறுவதில்லை. பிளக் கம்பிகளை 1, 3, 4, 2 என்னும் வரிசை குலையாமல் அரை வட்டம் தள்ளி மாற்றிச் செருகினார். ஐந்து நிமிட வேலை. எஞ்சின் முதற் சுற்றிலேயே பற்றிக்கொண்டது.

பேரன் துள்ளினான். ஆனால் துன்பம் தீரவில்லை. எஞ்சின் சூடேறியதும் நீலப் புகை கிளம்பியது. எண்ணெய் எரிகிறது என்பதற்கு அது அறிகுறி. பிளக்குகளைக் கழற்றினால், மூன்றாவது மட்டும் எண்ணெயில் நனைந்திருந்தது. அத்துளையைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டு, பேரனைக் கைப்பிடியைச் சுழற்றச் சொன்னார், அழுத்தம் குறைவாயிருந்தது. ஒரு கரண்டி எண்ணெயை உள்ளே விட்டுச் சுழற்றியபோது அழுத்தம் ஏறிற்று. எண்ணெய் சிறிதுநேரம் இடைவெளியை அடைக்கும்போது அழுத்தம் ஏறினால் குற்றம் வால்வில் இல்லை. வளையத்தில் என்று கொள்ள வேண்டும். தகரக் கருவியால் இறக்கியபோது உடைந்திருக்கிறது. யார் கை உடைத்தது என்பது இருவருக்கும் தெரியும். அன்று கைதவறியது பேரனுக்கு. அவன் அப்போது சொல்ல அஞ்சிவிட்டான்.

“தாத்தா, இறங்கும்போது டிக்கென்று ஒரு சத்தம் கேட்டது. நான் சொல்லவில்லை.”

“எனக்கும் கேட்டது தம்பி. நானும் இல்லையென்று இருந்துவிட்டேன்.”

இம்முயற்சியின் சாரம் இவ்விரு வாக்கியங்களில் இருக்கிறது. எஞ்சின் பொய் சொல்லாது. ஆனால் உண்மையை உடனே சொல்லவும் செய்யாது. வளையம் உடைந்தது வேலையின் நடுவில். தெரிந்தது எல்லாம் முடிந்தபின். மறைத்த பிழைக்கும் மறந்த பிழைக்கும் அது வேறுபாடு காட்டுவதில்லை. இரண்டுக்கும் ஒரே தண்டனை. தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும். வீட்டில் எஞ்சின் புதுப்பிப்போரின் மனச்சோர்வுக்கு வேரான காரணம் வேலையின் கடினமன்று. முடித்துவிட்டோம் என்று எண்ணிய வேலையை முதலிலிருந்து செய்ய நேர்வதே. பல வண்டிகள் தகரக் கொட்டகையில் பாதி பூட்டியபடியே நின்றுவிடுவது இந்த இடத்திலேதான்.

பிட்டர் ஐயா மறுநாள் ஹெட்டைக் கழற்றினார். இம்முறை பேரனே ஒவ்வொரு பகுதிக்கும் இலக்கத் துண்டு கட்டினான். அட்டைக்குப் பதிலாக ஒரு பலகையில் துளையிட்டுத் தள்ளுகோல்களை நிறுத்தினான். முதன்முறை ஆறு வாரம் எடுத்த வேலை இரண்டாம் முறை நான்கு நாளில் முடிந்தது. வளையம் இறக்கும் நேரத்தில் இருவரும் பேசவில்லை. ஓசைக்குக் காது கொடுத்திருந்தனர். ஓசை எழவில்லை.

இவ்வளவும் செய்து முடித்த வண்டியிலும் குறை உண்டு. எஞ்சினின் பின்புறத் தாங்கியில் றப்பர் அடைப்பு வைக்காது, எண்ணெயைத் திருப்பி அனுப்பும் சுருள் வரியொன்றையே அமைத்தனர். ஆகையால் வண்டி நின்ற இடத்தில் சொட்டு எண்ணெய் தரையில் இருக்கும். அது பழுதன்று, பிறவிக் குணம். இலங்கையில் 2002ஆம் ஆண்டு முதல் ஈயங்கலந்த பெற்றோல் விற்பனையில் இல்லை. ஈயத்தை நம்பி அமைந்த பழைய வால்வு இருக்கைகள் கடும் ஓட்டத்தில் விரைந்து தேயும். கடின உலோக வளையம் பதித்தோ, வேகத்தை அடக்கியோ ஓட்ட வேண்டும். திருத்த வேண்டியது எது, பொறுத்துக்கொள்ள வேண்டியது எது என்று பிரித்தறிவதும் இத்தொழிலின் ஒரு பகுதியே.

இனி, பயன் யாது? பணக்கணக்கில் பார்த்தால் பயன் ஐயத்துக்குரியது. செலவிட்ட தொகைக்கும் மாதங்களுக்கும் ஈடாக வேறு எதையேனும் வாங்கியிருக்கலாம். ஆனால் தோட்டப் பிள்ளைகளிற் பலர் இன்று பரீட்சை முடிந்ததும் கொழும்புக் கடைகளுக்கு வேலை தேடிப் போகின்றனர். அவர்களைத் தடுப்பதற்கில்லை. எனினும், தம் பாட்டன்மார் தேயிலைக் கூடையையும் பால்வாளியையும் மட்டும் அறிந்தவரல்லர், ஆயிரத்திலொரு பங்கு அங்குலத்தை விரலால் உணர்ந்தவர் என்ற செய்தி அவர்களுக்குத் தெரிய வேண்டும். அச்செய்தியைச் சொல்லிக் கொடுத்தால் பெருமையாகக் கேட்டு மறந்துவிடுவர். கையில் ஸ்பேனரைக் கொடுத்து, பிழைவிடச் செய்து, பிழையை ஒப்புக்கொள்ளச் செய்து, மறுபடியும் பூட்டச் செய்தால் மறக்கமாட்டார். அறுந்த சங்கிலி முழுவதும் பொருந்தாது. ஒரு கண்ணியாவது பொருந்தும்.

பழைய எஞ்சின் வீட்டில் இருப்போர் அதனைப் பிரிக்குமுன் மூன்றை நினைவிற் கொள்வது நன்று. முதலாவது, சரியான அளவுக் கருவி கைக்கு வரும்வரை ஒரு நட்டையும் தொடலாகாது. இரண்டாவது, கழற்றும் ஒவ்வொரு பொருளுக்கும் அப்பொழுதே பெயரும் இலக்கமும் இட வேண்டும். நாளைய நினைவை நம்பலாகாது. மூன்றாவது, உடன் வேலை செய்யும் இளையவன் பிழையைச் சொல்ல அஞ்சாத இடமாக அம்முற்றம் இருக்க வேண்டும். முன்னிரண்டும் எஞ்சினைக் காக்கும். மூன்றாவது எஞ்சினையும் காக்கும், பிள்ளையையும் காக்கும்.

மாலை மழை விட்டபின் அந்த மொரிஸ் மைனர் மேட்டுப் பாதையில் ஏறுகிறது. ஓட்டுபவர் பிட்டர் ஐயா. புதிதாகப் பூட்டிய எஞ்சினை முதலில் விரட்டலாகாது என்பதால் மெதுவாகவே செல்கிறார். அவருடைய தகப்பனார் சோதனை ஓட்டத்துக்குச் சென்ற அதே பாதை. அவர் ஒருமுறை போய்த் திரும்பி, வண்டியைப் பங்களாவில் ஒப்படைத்துவிட்டு நடந்து வருவார். இவர் வண்டியைத் தம் வாசலில் நிறுத்துகிறார். பேரன் ஓடிச்சென்று, சொட்டும் எண்ணெய்க்கு ஒரு பழைய தகரத்தைக் கீழே வைக்கிறான்.